வாத்தியாருக்கு மார்க் போடுவது யார்?

போன வருசம் ஏப்ரல் கடைசியில் ஒரு போன் வந்தது. என்னோடு பத்தாவது படித்தவன். ஊர்த் தெருக்காரன். இருபது வருசத்துக்கு அப்புறம் பேசுகிறான்.

“நம்ம தமிழய்யா ரிட்டையர்டு ஆகுறாரு. பழைய மாணவருங்க எல்லாம் சேந்து விழா எடுக்குறோம். ஒரு மலர் போடுறோம். நீதான் எம்.ஏ. தமிழ் படிச்சிருக்க, பத்திரிகையில எல்லாம் எழுதுற. ஐயாவப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடு.”

கூடவே ஒரு யோசனையும் சொன்னான். “இருபத்தெட்டு வருசத்துல அவரு பாடத்துல ஒரு புள்ளகூட ஃபெயிலானது இல்ல. அதையே தலைப்பா வச்சிரு.”

எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். தரவில்லை. இரண்டு தடவை திரும்பவும் கேட்டான். மூன்றாம் தடவை நான் போனை எடுக்கவில்லை. மலர் வந்துவிட்டது, விழாவும் முடிந்துவிட்டது. அதில் எழுத முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர் நல்லாப் பாடம் நடத்துவார். இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது பொய்யாகிவிடும். ஒற்று மிகும் இடம், மிகா இடம் இரண்டையும் இன்றைக்கு வரைக்கும் தப்பில்லாமல் எழுதுகிறேன் என்றால் அது அவர் போட்ட அடித்தளம். அசை பிரிக்கிறதைக் கையால் தாளம் தட்டிச் சொல்லிக்கொடுப்பார். நேர், நிரை என்று வகுப்பே தட்டும். குறுந்தொகை நடத்துகிறபோது பெல் அடித்தாலும் ஒருத்தரும் எழுந்திருக்க மாட்டோம். நோட்டை வரிக்கு வரி படித்துத் திருத்துவார். பரிச்சைக் காலத்தில் சாயங்காலம் ஆறரை வரைக்கும் உட்கார வைத்துப் படிக்க வைப்பார், காசு வாங்க மாட்டார். யாரையும் கை நீட்டி அடித்ததில்லை.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு மட்டும் வேற மாதிரி. மைதானம் கூட்டணும், கக்கூசுக்குத் தண்ணி ஊத்தணும். அந்தப் பொறுப்பும் அவரிடம்தான். அவர் வாயிலிருந்து சாதிப் பேர் வந்து நான் கேட்டதே இல்லை. “அந்தப் பக்கத்துப் பிள்ளைங்க எல்லாம் வாங்கப்பா” என்பார். எந்தப் பக்கம் என்று எங்களுக்குத் தெரியும். சேரியிலிருந்து போன நாங்கள் எழுந்திருப்போம். மற்றவர்கள் திருப்புதல் படிப்பார்கள். ஆறாவதிலிருந்து பத்தாவது வரை அஞ்சு வருசம் என் வெள்ளிக்கிழமைகள் அப்படித்தான் போயின.

இன்னொன்று. பாடம் நடத்தி நடத்தி அவருக்குத் தொண்டை காயும். “யாராச்சும் ஒரு டம்ளர் தண்ணி கொண்டாங்கப்பா” என்பார். முன் பெஞ்சில் நான்தான் உட்கார்ந்திருப்பேன். மார்க் எடுக்கிற பிள்ளை என்பதால் அவரே அங்கே உட்கார வைத்தது. நான் எழுந்தால், “நீ இரும்மா, உக்காரு” என்பார். குரலில் கோபம் இருக்காது. அன்பாகத்தான் சொல்வார். பின்னால் இருந்து வேறொருத்தி ஓடுவாள். அஞ்சு வருசத்தில் ஒரு தடவைகூட என் கையால் அவர் தண்ணி வாங்கிக் குடித்ததில்லை.

அடித்தால் தழும்பைக் காட்டலாம். திட்டினால் சாட்சி சொல்ல வைக்கலாம். “நீ இரும்மா” என்பதை எந்த ஸ்டேசனில் போய் எழுதிக் கொடுப்பது? அந்த வயதில் எனக்கே அது விளங்கவில்லை. நம்ம மேல ஐயாவுக்கு இரக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது அந்த நூறு சதவீதத்துக்கு வருகிறேன்.

எங்கள் சேரியிலிருந்து ஆறாம் வகுப்பில் 14 பேர் சேர்ந்தோம். 2004இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதியவர்கள் 5 பேர். அஞ்சு பேரும் தமிழில் பாஸ். நூற்றுக்கு நூறு. மீதி 9 பேர்? அவர்கள் ஃபெயிலாகவில்லை. பரிச்சைக்கே வரவில்லை. ஒன்பதாவது அரைப்பரிச்சை முடிந்ததும் அப்பன் ஆத்தாளைக் கூப்பிட்டுவிடுவார்கள். “புள்ளைக்குப் படிப்பு ஏறல. எதுக்கு ஒரு வருசம் வீணாக்குறீங்க? டி.சி.ய வாங்கிக்கங்க, பின்னாடி பிரைவேட்டா எழுதிக்கிடட்டும்.” ஆபீஸ் ரூமில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருக்கிற எங்கள் ஆட்கள், “நீங்க சொன்னாச் சரிதாங்கய்யா” என்று சொல்லிவிட்டு வருவார்கள். பையன்கள் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் கொத்து வேலைக்கும் போனார்கள். பெண்பிள்ளைகள் முந்திரிக்கொட்டை உடைக்க உட்கார்ந்தார்கள். அதில் ஒருத்தனும் பிரைவேட்டாக எழுதவில்லை.

சதவீதம் என்பது மேலே ஒரு எண், கீழே ஒரு எண். மேலே இருப்பதைக் கூட்டுவது கஷ்டம். கீழே இருப்பதைக் குறைப்பது சுலபம். கழிக்கப்படுகிற பிள்ளைகள் எந்தத் தெருவிலிருந்து வந்தவர்கள் என்று எந்த ரிசல்ட் அட்டவணையிலும் போடுவதில்லை.

இது எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் கண்டுபிடித்த வித்தை அல்ல. 1862இல் இங்கிலாந்தில் ஒரு விதிமுறை கொண்டுவந்தார்கள். இன்ஸ்பெக்டர் வந்து பிள்ளைகளைத் தனித்தனியாகச் சோதிப்பார். பாஸான பிள்ளைகளின் கணக்குப்படி பள்ளிக்கூடத்துக்கு மானியம். ரிசல்ட்டுக்கு ஏற்ற கூலி. அதே முறை 1860களிலேயே நம் சென்னை மாகாணத்துக்கும் வந்துவிட்டது. பாஸாகிற பிள்ளைக்குத்தான் காசு என்றால், பாஸாகாது என்று தோன்றுகிற பிள்ளையை எவன் பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொள்வான்?

அமெரிக்காவில் இதையே பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். 2002இல் புதுக் கல்விச் சட்டம் வந்தது. பிள்ளைகளின் பரிச்சை மார்க்கை வைத்துப் பள்ளிக்கூடத்தின் தலையெழுத்தைத் தீர்மானிப்பது என்றானது. கறுப்பினப் பிள்ளைகள் பெரும்பான்மையாகப் படிக்கிற அட்லாண்டா நகரத்துப் பள்ளிகளில் மார்க் ஏறிக்கொண்டே போனது, எல்லோரும் பாராட்டினார்கள். 2011இல் விசாரணை அறிக்கை வந்தது. வாத்தியார்களே விடைத்தாளில் தப்பு விடையை அழித்துவிட்டுச் சரியான விடையைக் குறித்திருக்கிறார்கள். 44 பள்ளிகள், 178 பேர். 2015இல் 11 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. எழுத்துக் கூட்டத் தெரியாத கறுப்புப் பிள்ளை தாளில் பாஸாகிவிட்டது. அதற்குத் தனியாக உதவி தேவை என்பதே வெளியே தெரியாமல் போனது. எங்களிடம் பிள்ளையை அழித்தார்கள், அங்கே விடையை அழித்தார்கள்.

அதற்காக மார்க்கே வேண்டாம், பரிச்சையே வன்முறை என்று பேசுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். அப்படிப் பேசுகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு மார்க் இல்லாவிட்டாலும் மாமன் கம்பெனி இருக்கிறது, வீடு நிலம் இருக்கிறது. எங்களுக்குப் பத்தாவது மார்க் சீட்டுதான் பட்டா. அதைக் காட்டித்தான் நான் காலேஜுக்குள் நுழைந்தேன். பாடமே நடத்தாமல் பேப்பர் படித்துவிட்டு, “இதுங்க எங்க படிக்கப் போவுது” என்று மணியைப் பார்க்கிற வாத்தியார்களையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்களோடு ஒப்பிட்டால் தமிழய்யா ஆயிரம் மடங்கு மேல். ஆகவே பாடம் நடத்தினாரா, பிள்ளைக்குப் படிப்பு ஏறியதா என்று கேட்கத்தான் வேண்டும். ஆனால் அதோடு கேள்வி முடிந்துவிடுகிறதா?

எனக்குத் தெரிந்த இன்னொரு டீச்சரைப் பற்றிச் சொல்கிறேன். அவருக்கு யாரும் மலர் போடவில்லை.

1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். ஊர் ஊராக நாடகம், பாட்டு. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சம்பளமில்லாமல் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. எனக்கு அப்போது மூணு வயசு. அம்மா கைநாட்டு. ஆதனக்கோட்டைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், ரோட்டோரத்தில் முந்திரிக்கொட்டையைச் சுட்டு, தட்டி, பருப்பெடுக்கிற வேலை. கொட்டையிலிருந்து வடிகிற எண்ணெய் பட்டால் தோல் வெந்து உரியும். சாம்பலைத் தொட்டுத் தொட்டு வேலை பார்ப்பார்கள். எங்கள் தெருப் பெண்கள் முக்கால்வாசிப் பேர் விரல் கறுத்துப் போயிருக்கும்.

எங்கள் தெருவுக்கு அறிவொளித் தொண்டராக வந்தது எங்கள் தெருவிலேயே இருந்த ஒரு அக்கா. பதினெட்டு வயசு. பத்தாவது ஃபெயில். கணக்கிலும் இங்கிலீசிலும் போய்விட்டது. எந்தப் பள்ளிக்கூடம் தன் கணக்கிலிருந்து கழித்துவிட்டதோ அந்தப் பிள்ளைதான் 12 பெண்களுக்கு டீச்சர். காளி கோயில் முன்னால் அரிக்கேன் விளக்கு. ராத்திரி எட்டு மணிக்கு, சோறு தின்றுவிட்டு, கை எரிச்சலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு இவர்கள் வந்து உட்காருவார்கள். நான் அம்மா மடியில் தூங்குவேன். இதெல்லாம் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

முதல் வாரம் அக்கா புத்தகத்தில் உள்ளபடி நடத்திப் பார்த்திருக்கிறது. பெண்கள் கொட்டாவி விட்டிருக்கிறார்கள். “ஏ புள்ள, இத வச்சு நாங்க என்னா பண்ணுறது?” என்று எங்கள் சின்ன அப்பாயி கேட்டிருக்கிறது. அக்காவுக்கு அழுகை வந்துவிட்டதாம். மறுநாள் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, “சின்னம்மா, இன்னைக்கு எம்புட்டுப் பருப்பு எடுத்தீங்க? அத எழுதுவமா?” என்று கேட்டிருக்கிறது. அவரவர் பேர், அதற்கு நேரே எடை. கிலோ, கிராம். அதற்கப்புறம் கூலி. அதற்கப்புறம் கடன். பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

பிரேசில் நாட்டில் பாவ்லோ ஃப்ரெய்ரே 1963இல் ஆங்கிகோஸ் என்ற ஊரில் முந்நூறு தொழிலாளிகளுக்கு நாற்பது மணி நேரத்தில் எழுத்துச் சொல்லிக்கொடுத்ததைப் பிற்பாடு எம்.ஏ. முடித்து, இயக்கத்துக்கு வந்து, வகுப்புகளில் படித்தேன். சனங்களின் வாயில் புழங்குகிற சொல்லிலிருந்து, அவர்கள் பாட்டைச் சொல்கிற சொல்லிலிருந்து தொடங்கு என்பதுதான் அவர் முறை. படிக்கிறபோது எனக்கு அரிக்கேன் விளக்குதான் ஞாபகம் வந்தது. அக்கா ஃப்ரெய்ரேயைக் கேள்விப்பட்டதில்லை. கொட்டாவியைக் கவனித்தது, அவ்வளவுதான். தான் நடத்துகிற பாடம் எதிரே இருக்கிறவருக்கு என்னவாகப் படுகிறது என்று பார்க்கிற கண் அதற்கு இருந்தது.

படிக்கிறவர்களைச் சோதிக்கவும் அறிவொளியில் அளவுகோல் இருந்தது. தேசிய எழுத்தறிவு இயக்கம் வகுத்தது. நிமிசத்துக்கு 30 சொல் வாய்விட்டு வாசிக்கணும், 7 சொல் பார்த்து எழுதணும், சொல்லச் சொல்ல 5 சொல் எழுதணும். 1 முதல் 100 வரை எண் தெரியணும். தப்பான அளவுகோல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அம்மா அதில் தேறவில்லை. வாசிப்பு மெதுவு. ஒரு வரியை வாசித்துவிட்டு நிறுத்தி, “இப்புடி எழுதியிருக்கு, ஆனா நம்மூருல இப்புடியா நடக்குது?” என்று கேட்குமாம். சோதிக்க வந்தவர் கையில் கடிகாரம். அம்மாவுக்கு முதல் தடவை ‘பயிற்சி தேவை’ என்று போட்டுவிட்டார்கள். அக்காவின் வகுப்புக் கணக்கில் ஒன்று குறைந்தது.

அந்த வருசத்தில்தான் சைக்கிளும் வந்தது. பொம்பளைகள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். 1992 மகளிர் தினத்தில் 1500க்கு மேற்பட்ட பெண்கள் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை டவுனுக்குள் சைக்கிளில் போனதைச் சாய்நாத் எழுதியிருக்கிறார். அம்மா அதில் போகவில்லை. அன்றைக்கு எனக்குக் காய்ச்சல். அதை இப்போதும் என்னிடம் குறையாகச் சொல்லும்.

1992 ஆகஸ்டில் புதுக்கோட்டையை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவித்தார்கள். அதே வருசம்தான் பாமாவின் ‘கருக்கு’ வந்தது. படிக்கிற சேரிப் பிள்ளையைத் தேங்காய் திருடியதாகப் பள்ளிக்கூடத்தில் நிறுத்திவைக்கிற இடம் அதில் வருகிறது. ஒரு பக்கம் எழுத்து வருகிறது, இன்னொரு பக்கம் அந்த எழுத்து இருக்கிற இடத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு என்ன நடக்கிறது என்ற சாட்சியமும் வருகிறது.

அறிவிப்புக்கு ஒரு மாசம் கழித்துத்தான் அக்காவுக்கு உண்மையான பரிச்சை நடந்தது. சனிக்கிழமை கூலி வாங்க அம்மா போயிருக்கிறது. கொட்டை கொடுக்கிற முதலாளி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பணம் எண்ணுகிறார். அம்மா எதிரே நின்றபடி நோட்டைத் தலைகீழாக வாசித்திருக்கிறது. தன் பேர். அதற்கு நேரே 6 கிலோ. அம்மா போட்டது ஏழரை.

“ஐயா, ஏழரை போட்டேன். ஆறுன்னு எழுதியிருக்கு.”

அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு நோட்டை மூடிவிட்டாராம். “எவடி ஒனக்குப் படிக்கக் குடுத்தது?” என்று கேட்டாராம்.

அக்காவுக்குக் கிடைத்த சான்றிதழ் அதுதான். பின்னால் நின்ற பெண்களும், “எங்களுக்கு என்னா எழுதியிருக்கு, காட்டுங்க” என்று கேட்டார்கள். அந்த வாரம் எல்லோருக்கும் எடை திருந்தியது. அடுத்த வாரம் அம்மாவுக்குக் கொட்டை தரவில்லை. மூன்று வாரம் வீட்டில் உலை வைப்பதே பாடாய்ப் போனது. மற்ற பெண்கள் ஆளுக்கு ஒரு கை அரிசி கொண்டுவந்து போட்டார்கள். அக்கா தினமும் வந்து, “என்னாலதானே சின்னம்மா” என்று உட்கார்ந்திருக்குமாம். நாலாவது வாரம் ஆள் போதாமல் அவரே கூப்பிட்டுவிட்டார்.

இயக்கம் போன பிறகு தெருவில் பாதிப் பேர் எழுத்தை மறந்துவிட்டார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். வாசிக்க ஒன்றும் இல்லாத தெருவில் எழுத்து எத்தனை நாள் நிற்கும்? ஆனால் எடை நோட்டைப் பார்க்கிற பழக்கம் போகவில்லை. அக்கா பின்னால் அங்கன்வாடிப் பணியாளர் வேலைக்குப் போய்க் கேட்டது. பத்தாவது பாஸ் வேணும் என்று சொல்லிவிட்டார்கள். இப்போதும் கொட்டை உடைக்கத்தான் போகிறது.

அம்மாவின் கையெழுத்துக்கும் ஒரு கதை உண்டு. ரேசன் கடையில் இப்போது விரல் வைக்கிற மெசின். முப்பது வருசம் முந்திரி எண்ணெய் தின்ற விரலில் ரேகை இல்லை. “கை விழலம்மா” என்கிறார் கடைக்காரர். “கையெழுத்துப் போடுறேன், அத வாங்கிக்க மாட்டேங்கிறியே” என்று அம்மா சண்டை போடும். கைநாட்டு வேண்டாம் என்று படித்தவளிடம் திரும்பவும் கைநாட்டுக் கேட்கிறது அரசாங்கம். எந்தக் கைகளை மனதில் வைத்து அந்த மெசினைச் செய்தார்களோ அந்தக் கைகள் மட்டும்தான் அதற்குத் தெரிகின்றன. வாத்தியாரை மதிப்பிடுகிற கருவிகளும் அப்படித்தான். 2019இல் பள்ளிகளுக்கும் விரல் ரேகை மெசின் வந்தது. வாத்தியார் வந்தாரா என்று அது சொல்லும். அவர் யார் கையில் தண்ணி வாங்கிக் குடிக்கவில்லை என்று சொல்லாது.

தண்ணியில்தான் எல்லாம் வந்து நிற்கிறது. அம்பேத்கர் தன் பள்ளிக்கூடக் காலத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். உட்காருவதற்குச் சாக்குத் துணியை அவரே வீட்டிலிருந்து எடுத்துப்போய், அவரே திரும்ப எடுத்துவர வேண்டும். தாகம் எடுத்தால் பியூன் வந்து குழாயைத் திறக்க வேண்டும். பியூன் இல்லாத நாளில் தண்ணி இல்லை. அந்தப் பள்ளிக்கூடத்து வாத்தியார்களுக்கும் இன்ஸ்பெக்டர் வந்து நல்ல ரிப்போர்ட் எழுதியிருக்கலாம். நூற்றுச் சொச்சம் வருசம் கழித்து, 2022 டிசம்பரில், எங்கள் மாவட்டத்து வேங்கைவயலில் தலித் மக்களின் குடிதண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது. பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போன பிறகுதான் தெரிந்தது. விசாரிக்கப் போன கலெக்டரும் எஸ்.பி.யும் அந்தப் பகுதி டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பதைக் கண்டார்கள். கோயிலுக்குள் விடாததையும் கண்டார்கள். 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. அந்தக் குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேர் மேலேயே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. வழக்கு எப்படியும் போகட்டும். அந்த இரட்டைக் குவளையில் டீ ஆற்றிக் கொடுத்தவர், பக்கத்தில் நின்று குடித்தவர், பார்த்தும் பாராமல் போனவர் எல்லோரும் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தானே? அவர்களுக்கும் ஒரு தமிழய்யா இருந்திருப்பார். அவர் பாடத்திலும் நூறு சதவீதம் வந்திருக்கும். “அந்தப் பக்கத்துப் பிள்ளைங்க வாங்க” என்று கூப்பிடுவதை முன் பெஞ்சிலிருந்தும் பின் பெஞ்சிலிருந்தும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள். வெள்ளிக்கிழமைகளில் என் கையில் இருந்த விளக்குமாறு எனக்கு மட்டும் பாடமில்லை. உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் அதுதான் பாடம். அந்தப் பாடத்தை அவர்கள் மறக்கவே மாட்டார்கள்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புத் தலித் மாணவனைக் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கச்சிக்கும் வெட்டு. அதற்கப்புறம் அரசு, நீதிபதி சந்துருவைக் கொண்டு ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் கலர்க் கயிறு கட்டக் கூடாது என்ற பரிந்துரையைத்தான் டி.வி.யில் பேசிக்கொண்டிருந்தார்கள். என் கண்ணில் பட்டது வேறு. ஆசிரியர் தேர்வு வாரியம் வேலைக்கு ஆள் எடுக்கும்போது சமூக நீதி பற்றி அவர்களுடைய மனப்பாங்கு என்ன என்பதையும் பார்க்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. வாத்தியாரை மதிப்பிடுகிற இடத்துக்குள் சாதி என்ற கேள்வி வந்தது எனக்குப் பெரிய விசயமாகப் பட்டது. ஆனால் அதை எப்படிச் சோதிப்பது? ‘தீண்டாமை ஒரு பாவச்செயல்’ என்று பாடப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அச்சடித்ததைத் தமிழய்யா எங்களை எழுந்து நின்று வாசிக்கச் சொல்லியிருக்கிறார். தாளில் கேட்டால் அவர் நூற்றுக்கு நூறு வாங்குவார்.

வாத்தியாரைக் கேட்டால் தெரியாது. பிள்ளை உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும். ஆறாவதில் சேர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் பத்தாவது எழுதினார்கள்? எழுதாதவர்கள் எந்தத் தெரு? இப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் நம்பர் இருக்கிறது. ஒரு மத்தியானத்தில் இந்தக் கணக்கை எடுத்துவிடலாம். பரிச்சைக்கு வந்தவர்களை வைத்துச் சதவீதம் போடாமல், சேர்ந்தவர்களை வைத்துப் போடுங்கள். அப்புறம், விளக்குமாறு யார் கையில்? தண்ணி கொண்டுவர யாரைச் சொல்கிறார், யாரை “நீ இரு” என்கிறார்? ‘மெல்லக் கற்போர்’ என்று தனி வரிசை போட்டிருந்தால் அதில் இருப்பவர்கள் யார் பிள்ளைகள்? பெற்றவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தால் நாற்காலி போடுகிறாரா? இவற்றுக்கு இன்ஸ்பெக்சன் நாளில் விடை கிடைக்காது. சாதாரண ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் போக வேண்டும்.

இவ்வளவையும் எழுதி வைத்துக்கொண்டு, ஊருக்கெல்லாம் சொல்கிறோமே, முதலில் நம்மிடமிருந்து ஆரம்பிப்போம் என்று நினைத்தேன். எங்கள் தெருவில் ஆறு வருசமாக மாலைப் படிப்பகம் நடத்துகிறேன். 30 பிள்ளைகள். ஒருநாள் எல்லோருக்கும் துண்டுத்தாள் கொடுத்து, “அக்காவுக்கு இன்னைக்கு நீங்க மார்க் போடுங்க. என்னா குறைன்னும் எழுதுங்க. பேரு போட வேண்டாம்” என்றேன். நிறையப் பேர் நூறு போட்டிருந்தார்கள். ஒருத்தன் ‘இங்கிலீசு வேகமாப் போறீங்க’ என்று எழுதியிருந்தான். இன்னொருத்தி ‘நல்லாப் பாட மாட்டீங்க’ என்று எழுதியிருந்தாள். ஒரு தாளில் மார்க்கே இல்லை. ஒரு வரிதான் இருந்தது.

‘எல்லார் வீட்டுக்கும் வந்து டீ குடிக்கிறீங்க எங்க வீட்டுக்கு வந்தது இல்ல.’

பேர் இல்லாவிட்டாலும் யார் என்று தெரிந்துவிட்டது. எங்கள் தெரு முடிகிற இடத்தில், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், இரண்டு அருந்ததியர் வீடுகள் இருக்கின்றன. அந்தப் பிள்ளை படிப்பகத்தில் என் பக்கத்தில்தான் உட்காருவாள். நன்றாகப் படிப்பாள். ‘தலித்’ என்ற சொல்லை மேடையில் நான் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். அந்த வாய்க்காலை ஒரு தடவைகூடத் தாண்டவில்லை. தாண்டக் கூடாது என்று நினைத்து அல்ல. நினைக்காமலே தாண்டவில்லை. தமிழய்யாவும் நினைத்துச் செய்திருப்பாரா? எனக்குத் தெரியவில்லை. தாளைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். “நீ இரும்மா” என்று நானும் யாரிடமோ சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன், வாயைத் திறக்காமல்.

அம்மாவிடம் சொன்னேன். “நீ எழுதுனத அந்தப் புள்ள படிச்சிருச்சு. கோவப்படாத, போயிட்டு வா” என்றது. பிறகு, “நானும் போனதில்ல” என்று மெதுவாகச் சொன்னது.

மறுநாள் சாயங்காலம் ரெண்டு பேருமாகப் போனோம். அந்தப் பிள்ளையின் ஆத்தா பதறிப்போய், “கடையில போயி வாங்கியாரச் சொல்றேன் தாயி” என்று பையனைக் கூப்பிட்டார். “வேணாம்க்கா, வீட்டுலயே போடுங்க” என்றேன். பிள்ளை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. தாளில் எழுதியது தான்தான் என்று காட்டிக்கொள்ளவில்லை. டீ வந்தது. நான் குடித்து முடிக்கிற வரை டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த மாசம் இன்னொரு தடவை துண்டுத்தாள் கொடுக்கப்போகிறேன். ஒரு தடவை டீ குடித்ததற்கெல்லாம் அந்தப் பிள்ளை மார்க் போட்டுவிடாது.